மூன்றாம் பருவமும் தாய்மாமன் மடியும்

வேலாயுதம் புதன்கிழமை வகுப்புக்குப் போக ஆரம்பித்த பிறகு, நாரிஸ் ரோட்டு மாடி வீட்டில் யாரும் நிம்மதியாக ஒரு வாழைப்பழம்கூடத் தின்ன முடியாமல் போயிற்று. தின்கிறவரை அவன் கூர்ந்து பார்ப்பான். அவசரமாக விழுங்கினால் அதற்கு ஒரு காரணம் சொல்வான், மெதுவாக மென்றால் அதற்கும் ஒன்று சொல்வான். எதைச் சொன்னாலும் அது போய் நிற்கிற இடம் தின்கிறவர் கைக்குழந்தையாக இருந்த காலமாகத்தான் இருக்கும்.

அவன் மனநோய் ஆஸ்பத்திரியில் ஆண் நர்ஸ். அறுபத்தொன்றாம் வருஷம் லண்டனிலிருந்து வந்த ஒரு டாக்டர், அவனைப் போன்றவர்களுக்காக வாரம் ஒரு நாள் அவுட்ராம் பெரியாஸ்பத்திரியில் பாடம் நடத்தினார். மனிதனுடைய சுபாவம் எப்படி உருவாகிறது என்பதுதான் பாடம். முதல் ஐந்தாறு வருஷத்திலேயே எல்லாம் தீர்மானமாகிவிடுகிறதாம். பால் குடிக்கிற காலம் முதல் பருவம். அதில் குறை வைத்தால் ஆயுளுக்கும் வாய் சும்மா இருக்காது. கக்கூஸ் பழக்குகிற காலம் இரண்டாம் பருவம். அதில் கண்டிப்புக் கூடினால் பிள்ளை பிற்காலத்தில் எதையும் ஒழுங்கு ஒழுங்கென்று அடுக்கிக்கொண்டிருக்கும். வேலாயுதத்துக்கு இதைக் கேட்டதும் உலகத்துக்கே சாவி கிடைத்த மாதிரி இருந்தது.

சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அவன் சும்மா இருப்பானா? வார்டில் கூட வேலை பார்க்கிற, போர்வைகளை ஓரம் பிசகாமல் மடிக்கிற அப்துல் ஹமீதிடம் போய், இது இரண்டாம் பருவத்துக் கோளாறு என்றான். ஹமீது அது தன் உம்மாவின் கைவிசிறிக் காம்பு செய்த வேலை என்று சொல்லிவிட்டு அடுத்த போர்வையை எடுத்தான். மனைவி லீலாவிடம் வந்து, மகளுக்கு வேப்பிலை அரைத்துத் தடவிப் பாலை நிறுத்தியது பெரிய தப்பு என்றும், பிள்ளை இனி வாழ்நாள் பூராவும் எதையாவது கடித்துக்கொண்டே இருக்கும் என்றும் விளக்கினான். லீலா கறிவேப்பிலையை உருவிக்கொண்டே கேட்டாள்.

"அப்ப உங்களுக்கு அத்தை எப்ப நிறுத்தினாங்க? விடியறதிலேருந்து பேசிக்கிட்டே இருக்கீங்களே."

அவனுக்கு இதெல்லாம் உறைக்கவில்லை. அவன் கண் மூன்றாம் பருவத்தின் மேல் இருந்தது. மூன்று வயதிலிருந்து ஆண் பிள்ளை அம்மாவைச் சொந்தம் கொண்டாடி அப்பாவோடு போட்டி போடும் என்றும், பெண் பிள்ளை அப்பா பக்கம் சாய்ந்துகொண்டு அம்மாவை முறைத்துப் பார்க்கும் என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். மகள் பூவம்மாவுக்கு மூன்று முடிந்து சில மாதம் ஆகியிருந்தது. இன்றைக்குச் சாய்வாள், நாளைக்குச் சாய்வாள் என்று வேலாயுதம் காத்திருந்தான். வெளியே சொல்லவில்லையே தவிர, மனுஷன் நாள்தோறும் முடி வாரிக்கொண்டு காத்திருந்தான் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒரு நாள் சாயங்காலம் கீழ்வீட்டு நஃபீசா படிக்கட்டில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வேலையிலிருந்து வந்த வேலாயுதத்தின் முழங்காலைக் கட்டிக்கொண்டு நின்ற பூவம்மாவிடம், எல்லாரும் எல்லாப் பிள்ளைகளிடமும் கேட்கிற கேள்வியை அவளும் கேட்டாள்.

"பூவு, நீ அப்பா பிள்ளையா, அம்மா பிள்ளையா?"

வேலாயுதம் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

"நான் மாமா பிள்ளை" என்றாள் பூவம்மா.

நஃபீசா கீரை சிதறச் சிரித்தாள். லீலா மேலேயிருந்து சிரித்தாள். வேலாயுதமும் சிரித்தான். ஆனால் மற்றவர்கள் முகத்தில் சிரிப்பு வந்து போயிற்று, அவன் முகத்தில் மட்டும் அது கழற்றி வைக்க மறந்த மாதிரி நின்றுவிட்டது.

மாமா என்றால் லீலாவின் அண்ணன் தங்கராஜு. டிராக்ஷன் கம்பெனி பஸ்ஸில் கண்டக்டர். ஜப்பான்காரன் காலத்தில் ரயில் பாதை போடப் போன அப்பா திரும்பி வரவில்லை. அம்மா மறு வருஷமே காய்ச்சலில் போய்விட்டாள். ஏழு வயதுத் தங்கச்சியைப் பதினேழு வயதுத் தங்கராஜுதான் சோறு பொங்கிப் போட்டு, சடை பின்னிவிட்டு வளர்த்தான். அவளுக்குக் கல்யாணம் செய்து வைத்தவன் தனக்கென்று ஒன்றைச் செய்துகொள்ளவில்லை. கேட்டால், நல்ல பொண்ணா யாராவது பஸ்ஸில் ஏறட்டும் என்பான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கச்சாங் பூத்தே என்கிற வறுகடலைப் பொட்டலத்தோடு மாடி ஏறி வருவான். வெற்றிலை வாயோடு அவன் 'டிங் டிங்' என்று மணி அடிக்கிற மாதிரிச் செய்தால், பூவம்மா வீடு பூராவும் பஸ் ஓட்டுவாள். அவளுக்கு வைத்திருப்பது அவனுடைய அம்மாவின் பெயர்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை தங்கராஜு ஒரு சின்னச் சிவப்புப் பெட்டியோடு வந்தான். உள்ளே கெம்புக்கல் வைத்த தோடு ஒரு ஜோடி. பூவம்மாவுக்கு முதல் வயதில் காது குத்த நாள் பார்த்தபோது அம்மை போட்டிருந்தது. மறு வருஷம் இரட்டைப்படை. இந்த மூன்று வயதையும் விட்டால் மறுபடி இரட்டைப்படை வந்துவிடும் என்று, சிராங்கூன் ரோட்டுக் காளியம்மன் கோவிலில் நாள் குறித்து, காது குத்துகிற பத்தரிடமும் பேசி, அன்றைக்கு லீவும் வாங்கிவிட்டான். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். தன் வீட்டில் தாலி கட்டவோ தொட்டில் கட்டவோ வாய்க்காத தங்கராஜுவுக்கு, சபையில் உட்காரக் கிடைத்த ஒரே இடம் இதுதான். புது வேட்டிகூட எடுத்து வைத்திருந்தான்.

வேலாயுதம் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினான். இந்த வயதில் உடம்பில் எதைக் குத்தினாலும் வெட்டினாலும், பிள்ளை தன்னையே பிய்த்தெடுப்பதாகப் பயந்துபோகும், அந்தப் பயம் அடிமனசில் வடுவாகத் தங்கிவிடும், ஆறு வயதுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றான்.

"ஆறு இரட்டைப்படை, மாப்பிள்ளை."

"அப்ப ஏழுல வச்சுக்குவோம், மச்சான். எனக்கே காது குத்தல. நான் என்ன கெட்டா போயிட்டேன்?"

அது உண்மைதான். அவனுடைய தாய்மாமன் கடலுக்கு அப்பால் சொந்த ஊரிலிருந்தார். அவர் கப்பலேறி வரட்டும், வரட்டும் என்று அம்மா ஒவ்வொரு வருஷமாகத் தள்ளிப்போட்டாள்; பிறகு ஜப்பான்காரன் சண்டை வந்து கப்பலே நின்றுபோயிற்று. வேலாயுதம் இதை எப்போதும் பெருமையாகத்தான் சொல்வான்.

தங்கராஜு பெட்டியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டான். "என் மடியில உக்காந்தா புள்ள பயப்படுமா, மாப்பிள்ளை?"

"அதுதான் ரொம்ப மோசம். தனக்குப் புடிச்ச ஆளே இறுக்கிப் புடிச்சுக்கிட்டு ஊசியால குத்த விட்டாருன்னு மனசுல பதிஞ்சிரும்."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. தங்கராஜு பெட்டியைத் தங்கச்சி கையில் கொடுத்தான். "நீங்க படிச்சவங்க. உங்க பிள்ளை" என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டான். கொண்டுவந்த கச்சாங் பூத்தே பொட்டலத்தைக் கொடுக்க மறந்து, சட்டைப்பையிலேயே எடுத்துப் போய்விட்டான்.

மறு ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

லீலா சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். அவள் புருஷனை "டாக்டர்" என்று கூப்பிட ஆரம்பித்தாள். சாப்பாடு வச்சாச்சு டாக்டர், குளிக்கத் தண்ணி பிடிச்சாச்சு டாக்டர். பூவம்மா ஜன்னலில் முகத்தைப் பதித்துக்கொண்டு நின்றாள். அங்கிருந்து எட்டிப் பார்த்தால், தெருமுனையில் சிராங்கூன் ரோட்டில் போகிற பஸ் ஒரு துண்டாகத் தெரியும். துண்டு தெரிகிறபோதெல்லாம் கையசைப்பாள்.

மச்சான் வராததால் மகள் தன் பக்கம் சாய்வாள் என்று வேலாயுதம் எதிர்பார்த்தான். அவள் சாயவில்லை. மாமா எப்ப வருவாங்க என்று கேட்பதற்காக மட்டும் அவனிடம் வந்தாள். சரி, தான் சொன்ன பயமாவது நிஜமென்று தெரியட்டுமே என்று, அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து விசாரிக்க ஆரம்பித்தான். காதில் ஊசி குத்தினால் வலிக்கும் இல்லையா? பூவுவுக்குப் பயமாக இருக்கிறதா? எவ்வளவு பயம்? காலையில் கேட்டான், வேலையிலிருந்து வந்ததும் கேட்டான், தூங்கப் போகிறபோதும் கேட்டான். கடைசியில் ஒரு நாள், நஃபீசா கொஞ்சுவதற்காகக் கையை நீட்டியபோது பூவம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வீறிட்டாள். அன்றைக்குக் காதைப் பொத்தியபடியே தூங்கியும் போனாள்.

பார்த்தியா, நான் சொன்னேன் இல்லையா என்று வேலாயுதம் லீலாவைப் பார்த்தான்.

"எதைப் பார்க்கச் சொல்றீங்க?" என்றாள் லீலா. டாக்டர் என்ற பட்டத்தைக்கூட அவள் விட்டுவிட்டாள். "போன மாசம் வரைக்கும் தோடு எப்பம்மா போடுவாங்கன்னு அரிச்சுக்கிட்டிருந்த புள்ள. அவளுக்கு ஏது பயம்? நீங்கதான் கேட்டுக் கேட்டுக் குடுத்தீங்க. எங்கண்ணனுக்கு இந்த உலகத்துல இருக்கிறது ஒரு மடி. அது ஆகாதுன்னு அவர் முகத்துக்கு நேரா சொன்னீங்க."

வேலாயுதம் பிள்ளை பக்கம் திரும்பினான். தூங்குகிற பிள்ளையின் கைகளை மெதுவாக எடுத்துக் கீழே வைத்தான். அவை திரும்பவும் காதுக்கே போயின. அவனுக்கு முதல்முறையாக வெட்கமாக இருந்தது.

அந்தப் புதன்கிழமை வகுப்பில் டாக்டர் வேறொரு விஷயத்தைப் பேசினார். மனசுக்கு ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டாம். சொல்லக் கூச்சமாயிருக்கிற ஆசையை உள்ளே ஒளித்துவிட்டு, வாசலில் கௌரவமான காரணங்களை நிறுத்தி வைக்குமாம். ஒருவன் எவ்வளவுக்கெவ்வளவு காரணம் அடுக்குகிறானோ, அவ்வளவுக்கவ்வளவு அவன் உள்ளே எதையோ மூடுகிறான் என்று பாருங்கள் என்றார். வகுப்பே சிரித்தது. வேலாயுதம் எல்லாரையும்விட உரக்கச் சிரித்தான். இது மருந்து ஸ்டோரில் இருக்கிற தலைமைக் குமாஸ்தாவுக்குத்தான் பொருந்தும் என்று நினைத்துக்கொண்டான்.

வெளியே வந்ததும், அதே வகுப்புக்கு வருகிற ஹமீது கோப்பி வாங்கிக் கொடுத்தான். பேச்சுக்குப் பேச்சாக, மகளுக்குக் காது குத்து என்றாயே, எப்போது, எனக்கு லட்டு உண்டா என்று கேட்டான். அது தள்ளிப்போயிற்று என்று வேலாயுதம் விளக்க ஆரம்பித்தான். முதலாவது, வயது சரியில்லை. இரண்டாவது, ஊசியின் சுத்தத்துக்கு யார் பொறுப்பு? மூன்றாவது, கோவிலில் கூட்டம். நாலாவது என்று வாயைத் திறந்தபோது அவனுக்கே அது கேட்டுவிட்டது. கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"நாலாவது என்னப்பா?" என்றான் ஹமீது.

நாலாவது ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு வேலாயுதம் பஸ்ஸுக்கு நடந்தான். நாலாவது என்னவென்று அவனுக்குத் தெரிந்துபோயிற்று. 'நான் மாமா பிள்ளை' என்று அவள் சொன்னதுதான் நாலாவது. அதுதான் முதலாவதும். வார்டில் எத்தனையோ பேருடைய அடிமனசைத் தோண்டிப் பார்க்க ஆசைப்பட்டவன், தன் மனசின் மேலாகவே கிடந்ததைப் பார்க்கவில்லை.

அவன் ஏறிய பஸ்ஸிலேயே தங்கராஜு இருந்தான். மற்றவர்களிடம் கேட்கிற மாதிரியே எங்கே போகணும் என்று கேட்டான். வேலாயுதம் காசை நீட்ட, அதைத் தொடாமல் தன் சட்டைப்பையிலிருந்தே காசை எடுத்துக் கண்டக்டர் பையில் போட்டுவிட்டுச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தான். சீட்டை நீட்டிய கையை வேலாயுதம் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"மச்சான், எனக்குப் பொறாமை."

"என்னது?"

"உங்க மேல பொறாமை. பூவு உங்க பிள்ளைன்னு சொல்லுச்சு. என்னால தாங்க முடியல. வடு, பயம்னு சொன்னதெல்லாம் அதுக்கு மேல போட்ட துணி."

முன் சீட்டிலிருந்த செட்டியார் ஒருவர் திரும்பிப் பார்த்தார். தங்கராஜு வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினான். அவன் மீசைக்கடியில் என்னவோ அசைந்தது.

"இதுக்கா மாப்பிள்ளை ஆறு வயசு ஏழு வயசுன்னு கணக்குப் போட்டீங்க? சொல்லியிருந்தா ஞாயித்துக்கிழமை வர்றதக் கொறச்சிருப்பேன்லா."

"கொறைக்காதீங்க. அவ ஜன்னல்லயே நிக்கிறா."

தங்கராஜு முகத்தைத் திருப்பிக்கொண்டு, யாரும் இறங்காத இடத்தில் மணியை அடித்தான். டிரைவர் திட்டிக்கொண்டே பஸ்ஸை நிறுத்தி, மறுபடி எடுத்தார்.

இப்படியாகக் காது குத்து நிச்சயமாயிற்று. ஆனால் வேலாயுதம் கொடுத்த பயம் பிள்ளையிடம் இருந்ததே, அது எங்கே போகும்? குறித்த நாளில் காளியம்மன் கோவில் மண்டபத்தில் தங்கராஜு புது வேட்டி கட்டி, சந்தனம் பூசிக்கொண்டு மணையில் சப்பணமிட்டு உட்கார்ந்தான். தேங்காய், பழம், பட்டுப்பாவாடை, சிவப்புப் பெட்டி எல்லாம் தட்டில் இருந்தன. பத்தர் கம்பியைத் துடைத்துத் தயாராக வைத்தார். பூவம்மா மட்டும் தூணைக் கட்டிக்கொண்டு, தலையைத் தோளுக்குள் இழுத்துக் காதை மறைத்து நின்றாள். லீலா கெஞ்சினாள். நஃபீசா மிட்டாய் காட்டினாள். பிடித்துத் தூக்கி வைத்துக் குத்திவிடுங்கள், அழுதால் சரியாகிவிடும் என்றார் பத்தர்.

"வேணாம் பத்தரே" என்றான் தங்கராஜு. "பயந்து உக்கார வேணாம். பெட்டிய எடுத்து வை, லீலா. ஏழு வயசுலயே பாத்துக்கலாம்."

காலியான மடியைப் பார்த்துக்கொண்டுதான் அவன் அதைச் சொன்னான். வேலாயுதம் தூணருகே போய் மகள் முன்னால் குந்தினான். யாருக்கு முதலில் குத்தினால் பூவு உட்காருவாள் என்று கேட்டான். மூன்று வயதுக்காரி நன்றாக யோசித்தாள். பிறகு விரலை நீட்டி அவன் நெஞ்சைத் தொட்டாள்.

"அப்பாவுக்கு."

"சரி, அப்பாவுக்குக் குத்தட்டும்" என்று அவன் பத்தருக்கு எதிரே தரையில் உட்காரப் போனான்.

"அங்க இல்ல" என்றாள் பூவம்மா. "மாமா மடியில."

மண்டபத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. வேலாயுதம் முப்பத்தொரு வயது ஆள், கனத்த உடம்பு. அவன் மச்சானைப் பார்த்தான். தங்கராஜு வேட்டியை இழுத்துச் சரிசெய்துகொண்டு, தொடையை ஒரு தட்டுத் தட்டினான். "வாங்க மாப்பிள்ளை."

உட்கார்ந்தபோது தங்கராஜுவிடமிருந்து 'ஹும்' என்று ஒரு சத்தம் வந்தது. அர்ச்சகர் தூண் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கிற்று. லீலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பத்தர் காது மடலைப் பிடித்து இழுத்தபோது வேலாயுதத்துக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. அதை மறைக்கவும் தோன்றவில்லை. அப்போது பின்னாலிருந்து வெற்றிலை வாசனையோடு ஒரு கை வந்து அவன் கண்ணைப் பொத்தியது. இன்னொரு கை அவனைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, ஆச்சு" என்று தங்கராஜு அவன் காதருகே சொன்னான். பிள்ளைக்குச் சொல்ல ஒத்திகை பார்த்து வைத்திருந்த வார்த்தை போல, அது அத்தனை மெதுவாக வந்தது. சுருக்கென்று ஒரு வலி, அவ்வளவுதான். பத்தர் ஓட்டையில் வேப்பங்குச்சியைச் செருகி மஞ்சள் தடவினார்.

கண்ணைப் பொத்திய கை விலகியபிறகும் வேலாயுதம் உடனே எழுந்திருக்கவில்லை. வராத கப்பலை எதிர்பார்த்து அம்மா துறைமுகத்துப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது அவனுக்கு ஞாபகம் வந்தது. தனக்கு வேண்டாத விஷயமென்று இத்தனை வருஷமும் பெருமை பேசியது எதைப் பற்றி என்று இப்போது தெரிந்தது. அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது, சின்னப் பிள்ளைக்கு இருக்கிற மாதிரி.

"அப்பா எந்திரி" என்று பூவம்மா அவன் கையைப் பிடித்து இழுத்தாள். "எனக்கு."

அவளே ஏறி உட்கார்ந்தாள். முதல் காதுக்குக் கொஞ்சம் உதட்டைப் பிதுக்கினாள். இரண்டாவதுக்கு உரக்கவே அழுதாள். தங்கராஜு 'டிங் டிங்' என்றதும், அழுகையை நடுவில் நிறுத்திச் சிரித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி அழுதாள். வாயில் சர்க்கரையைப் போட்டார்கள். கெம்புக்கல் இரண்டும் கன்னத்தோரம் மின்னின. தங்கராஜு கண்ணைத் துடைத்தால் தெரிந்துவிடும் என்று மேல்துண்டால் முகம் முழுவதையும் துடைத்தான்.

இலை போட்டுச் சாப்பிடுகிறபோது நஃபீசாவுக்குக் குறும்பு போகவில்லை. சபையில் எல்லாருக்கும் கேட்க, அதே கேள்வியைத் திரும்பவும் கேட்டாள். பூவு, இப்ப சொல்லு, நீ யார் பிள்ளை?

வேலாயுதம் அப்பளத்தை நொறுக்காமல் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். இந்தப் பழக்கம் மட்டும் அவனை விடவில்லை.

பூவம்மா லீலாவைப் பார்த்தாள். தங்கராஜுவைப் பார்த்தாள். கடைசியாக, காதில் வேப்பங்குச்சியோடு உட்கார்ந்திருந்த அப்பாவைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தாள்.

"நான் அம்மா பிள்ளை" என்றாள். பிறகு, எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்கிற மாதிரி அவனைக் காட்டினாள். "அப்பாதான் மாமா பிள்ளை."

பந்தி முழுக்கச் சிரித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கராஜு தன் இலையிலிருந்த லட்டை எடுத்து மாப்பிள்ளையின் இலையில் வைத்தான். வேலாயுதம் மறுக்கவில்லை. எடுத்துத் தின்றான்.